பிகிலாவோடு தோளுக்குத் தோள் ஓடியவர்

பெரியப்பா (காலை 6:05): 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலுடன் ஓடும் படத்தை இப்போது குழுவில் போட்டிருக்கிறேன். பிள்ளைகள் பெரிதாக்கிப் பாருங்கள்.

கயல்விழி (6:21): பார்த்தேன், பெரியப்பா. பிகிலாவின் மார்பில் 11 என்ற எண் தெரிகிறது. அவரை ஒட்டியபடியே 185 என்ற எண்ணுடன் ஓடுகிறவர் யார்?

பெரியப்பா (6:34): நல்ல கேள்வி, அம்மா. அவர் மொராக்கோவின் ராதி பென் அப்தஸ்ஸலாம். அதே ஆண்டு ஸ்காட்லாந்தின் ஹாமில்டன் நகரில் நடந்த சர்வதேச கிராஸ் கண்ட்ரி போட்டியில் பெல்ஜியத்தின் காஸ்டன் ரோலான்ட்ஸைப் பின்னுக்குத் தள்ளி வென்றவர் என்பதால், ரோமில் கவனிக்க வேண்டிய ஆள் அவர்தான் என்று பிகிலாவின் பயிற்சியாளர் ஒன்னி நிஸ்கானன் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். ராதியின் எண் 26 என்றும் சொல்லியிருந்தார். ஆனால் ராதி மாரத்தானுக்கென்று கொடுத்த எண்ணை அணியாமல், 10,000 மீட்டர் ஓட்டத்துக்குத் தந்திருந்த 185ஐயே குத்திக்கொண்டு வந்துவிட்டார்.

சரவணன் அத்தான் (6:40): அப்படியானால் தேடிய ஆள் பக்கத்திலேயே ஓடுவது பிகிலாவுக்குத் தெரியாதா, மாமா?

பெரியப்பா (6:52): தெரியவில்லை, மாப்பிள்ளை. பாதித் தொலைவு வருவதற்குள் மற்றவர்கள் எல்லோரும் பின்தங்கிவிட, இருட்டிவிட்ட ஆப்பியன் சாலையில் படைவீரர்கள் பிடித்து நின்ற தீப்பந்தங்களின் வெளிச்சத்தில் இவர்கள் இருவர் மட்டுமே ஓடினார்கள். 26ஆம் எண்காரர் இன்னும் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார் என்று எண்ணி பிகிலா வேகத்தைக் குறைக்கவே இல்லை. ராதியும் விடவில்லை. முசோலினியின் படை எத்தியோப்பியாவிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்த ஆக்சும் தூண் வழியில் நின்றது. அதைக் கடந்த பிறகு, கடைசிக் கட்டத்தில்தான் பிகிலா பிரிந்து முன்னேறினார். கான்ஸ்டன்டைன் வளைவின் அருகே எல்லைக்கோட்டை அவர் 2 மணி 15 நிமிடம் 16.2 விநாடியில் தொட்டார், ராதி 2:15:41.6இல் வந்தார்.

சரவணன் அத்தான் (6:58): இருபத்தைந்தே விநாடிதானா! இருந்தாலும் இரண்டாம் இடம் இரண்டாம் இடம்தானே?

பெரியப்பா (7:10): பதக்கப் பட்டியலில் அப்படித்தான். ஆனால் அதற்கு முந்தைய ஒலிம்பிக் சாதனையான எமில் ஸாட்டோபெக்கின் 2:23:03.2ஐ எடுத்துப் பாருங்கள்: ராதி அதையே ஏழு நிமிடத்துக்கும் மேல் மிஞ்சியிருக்கிறார். அதுவும் இரண்டு நாள் முன்புதான் அதே ரோமில் 10,000 மீட்டர் ஓடி முடித்த கால்களோடு! மூன்றாவதாக வந்த நியூசிலாந்தின் பாரி மகீ அவருக்கு ஒன்றரை நிமிடம் பின்னால் வந்தார். அந்த இரவில் பிகிலாவை அவ்வளவு வேகமாக ஓட வைத்ததில் ராதிக்கும் பங்கு உண்டு என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

கயல்விழி (7:16): மொராக்கோவுக்கு அது முதல் பதக்கமா, பெரியப்பா?

பெரியப்பா (7:25): ஆம். 1956இல் விடுதலை பெற்ற நாடு கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் அது. அங்கே கிடைத்த ஒரே பதக்கமும் ராதியின் வெள்ளிதான். அடுத்த பதக்கத்துக்கு அவர்கள் 1984 வரை காத்திருந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸில் நவால் எல் முத்தவக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்திலும் சயீத் அவிதா 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றபோது ராதிக்கு வயது 55. அவர் 2000ஆம் ஆண்டு காலமானார்.

கயல்விழி (7:31): என் தம்பிக்கு அந்தப் படத்தை இப்போதே அனுப்புகிறேன், பெரியப்பா. கீழே இருவர் பெயரையும் எழுதிவிட்டேன்.