ஸ்கேன் புள்ளிகள் மெஷ் ஆகும்வரை: மட்டக்களப்பு, அம்பாறை அனுபவங்கள்

புளியந்தீவிலிருந்து

மட்டக்களப்புக் கோட்டை மதிலை லேசர் ஸ்கேனரால் எடுத்த வேலையைப் பற்றி இங்கே சிலர் கேட்டிருந்தீர்கள். ஸ்கேன் எடுப்பதில் சொல்ல அதிகம் இல்லை. முக்காலியைச் சரியான இடத்தில் வைத்தால் இயந்திரம் தன்பாட்டில் சுழன்று எடுத்துத் தரும். பாடெல்லாம் அந்தக் கோடிக்கணக்கான புள்ளிகளை மெஷ் ஆக்குவதில்தான், அதாவது சிறு முக்கோணங்கள் இணைந்த ஒரு மேற்பரப்பாக ஆக்குவதில்தான்.

1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை அது. இரண்டு பக்கம் வாவி. எங்களுக்கு முதலில் வேலை வைத்ததும் வாவிதான். கரையோரம் நின்று எடுத்த ஸ்கேனைத் திறந்தால், நீர்மட்டத்துக்குக் கீழே இன்னொரு மதில் தலைகீழாகத் தொங்கியது. தாழ்ந்த கோணத்தில் தண்ணீரில் படும் கதிர் தெறித்து, மதிலில் பட்டு, வந்த வழியாலேயே திரும்புகிறது. இடையில் கதிர் திரும்பியது ஸ்கேனருக்குத் தெரியாது. நேராகப் போய் வந்ததாகவே கணக்கு வைக்கிறது. விடியற்காலையில் வாவி அசையாமல் கிடந்தபோது எடுத்த ஸ்கேனில் அந்தப் பொய் மதில் வெடிப்பு முதற்கொண்டு தெளிவாகத் தெரிந்தது. கச்சான் காற்று எழும்பிய பிறகு எடுத்ததில் வெறும் புகைபோலச் சில புள்ளிகள்தான். நீர்மட்டத்தில் ஒரு தளம் வைத்துக் கீழே உள்ளதை வெட்டிவிட்டோம். மதில் வெடிப்புகளில் முளைத்திருந்த அரசங்கன்றுகளைக் கையால்தான் அகற்ற வேண்டியிருந்தது. தானியங்கி வடிகட்டிகள் இலையையும் உடைந்த கல் விளிம்பையும் ஒன்றாகவே பார்க்கும்.

அடுத்தது நோர்மல். ஒவ்வொரு புள்ளிக்கும் மேற்பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற திசை அது. புள்ளிகளிலிருந்து மெஷ் ஆக்கும் புவாசோன் முறை முழுவதும் இதை நம்பித்தான் நிற்கிறது. பக்கத்துப் புள்ளிகளை வைத்து மென்பொருள் ஒரு தளம் பொருத்தி, அதற்குச் செங்குத்தான கோடு எது என்று கண்டுபிடித்துவிடும். ஆனால் அந்தக் கோட்டின் எந்த முனை வெளியே, எந்த முனை உள்ளே என்பது அதற்குத் தெரியாது. ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு ஊகித்துக்கொண்டே போகும். மெல்லிய கைப்பிடிச் சுவர் வரும் இடத்தில் அந்த ஊகம் வெளிமுகத்திலிருந்து உள்முகத்துக்குத் தாவிவிடும். அப்புறம் மெஷ்ஷில் அந்த இடம் புடைத்து வீங்கி நிற்கும்.

இதற்கு நல்ல வழி, ஸ்கேன்களை ஒன்றாக இணைக்கும் முன்பே, ஒவ்வொரு ஸ்கேனுக்கும் தனித்தனியாக நோர்மல் கணிப்பது. ஒரு புள்ளியை ஸ்கேனர் பார்த்தது என்றால் அந்த மேற்பரப்பும் ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். ஸ்கேனர் நின்ற இடம் தெரிந்தால் ஊகமே தேவையில்லை. அதனால் தரவை, ஸ்கேனர் நின்ற இடத்தையும் சேர்த்து வைக்கக்கூடிய ஈ57 ஃபைல் வடிவத்தில் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிய வெறும் எக்ஸ்-வை-இசட் ஃபைல் கைக்கு வந்தால் அந்த விவரம் போய்விட்டது என்று அர்த்தம்.

புவாசோன் முறையை 2006இல் கஷ்தான், பொலித்தோ, ஹொப்பே மூவரும் வெளியிட்டார்கள். கிளவுட் கொம்பெயார், மெஷ்லாப் என்ற மென்பொருள்கள் இரண்டிலும் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஆழம் என்று ஓர் எண் கேட்கும். பொருளைச் சுற்றிய பெட்டியை எத்தனை முறை பாதி பாதியாகப் பிரிப்பது என்பதுதான் அது. 60 மீற்றர் நீள மதிலுக்கு ஆழம் 10 கொடுத்தால் 60ஐ 1024ஆல் பிரிக்க வேண்டும், கட்டம் ஏறக்குறைய 6 சென்றிமீற்றர். கல்லிடைச் சாந்துக்கோடு எதுவும் வராது. 12 கொடுத்தால் ஒன்றரைச் சென்றிமீற்றர். ஒவ்வொரு படிக்கும் நினைவகம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு கேட்கும். சாதாரண மடிக்கணினி வைத்திருப்பவர்கள் மதிலைத் துண்டு துண்டாக, விளிம்பில் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி வெட்டிக்கொள்வது நல்லது.

இவ்வளவும் செய்த பிறகு வரும் மெஷ் கண்ணுக்கு மிக அழகாக இருக்கும். எனக்குக் கவலை அங்கேதான். நாங்கள் நிலத்தில் நின்று எடுத்தோம், மதிலின் உச்சி ஸ்கேனருக்குத் தெரியவே இல்லை. புவாசோன் ஓட்டை விடாது. தெரியாத உச்சியை நனைந்த சவர்க்காரக் கட்டிபோல வழுவழுப்பாக மூடிக் கொடுத்தது. அதைப் பார்க்கிற பொறியியலாளர் உச்சி உருண்டையாகத் தேய்ந்திருக்கிறது என்று நம்புவார். திருத்த வேலைக்குக் கல் கணக்குப் போடுபவர் அதன் கன அளவையும் சேர்த்தே போடுவார். நானூறு ஆண்டுக்குக் கிட்டிய ஒரு மதிலைப் பதிவு செய்கிறோம் என்றால், நாளைக்கு அது இடிந்துபோனால் எஞ்சியிருக்கப்போவது இந்த ஃபைல்தான். அதில் ஸ்கேனர் பார்த்ததும் மென்பொருள் இட்டு நிரப்பியதும் கலந்து கிடக்கக்கூடாது.

ஆகவே புவாசோன் ஓட்டும்போது அடர்த்தியையும் சேர்த்து வெளியிடும்படி தெரிவு செய்யுங்கள். எங்கே புள்ளிகள் மெலிந்து மேற்பரப்பு வெறும் ஊகமாகிறதோ, அங்கே அந்த எண் குறையும். அதை வைத்து வெட்டினால் ஓட்டைகள் உள்ள, ஆனால் நம்பக்கூடிய மெஷ் ஒன்று கிடைக்கும். நாங்கள் இரண்டு ஃபைல் கொடுத்தோம். ஒன்று வெட்டியது. மற்றது முழுமையாக மூடியது, அதில் நிரப்பிய பகுதி மட்டும் வேறு நிறத்தில். வாங்கியவர்கள் முதலில் ஓட்டைகளைப் பார்த்து முகம் சுளித்தார்கள். நிறத்தைக் காட்டியதும் மதில் உச்சியை ட்ரோனால் எடுக்க அவர்களே ஏற்பாடு செய்தார்கள்.

அம்பாறையிலிருந்து

புளியந்தீவு அண்ணன் சொன்ன ஓட்டை விஷயம் குளக்கட்டிலும் அப்படியே. எனக்கு வந்தது ட்ரோன் லைடாரில், அதாவது ட்ரோனில் பூட்டிய லேசர் ஸ்கேனரில், எடுத்த ஒரு குளத்தின் கட்டும் மிகை நீர் வழியும் வானும். நிலம் மட்டும்தான் தேவை என்றால் புவாசோன் பக்கம் போகவே வேண்டாம். மேலிருந்து பார்த்து முக்கோணம் போடும் டெலோனே முறை போதும். புல்லையும் பற்றையையும் அகற்றத் துணி விரிக்கும் வடிகட்டி நன்றாக வேலை செய்தது. புள்ளிகளைத் தலைகீழாக்கி மேலே ஒரு துணியைப் போர்த்துவதாகக் கணக்குப் போட்டு, துணி தொடும் இடத்தை நிலம் என்று எடுக்கும். முக்கோணப் பக்கத்துக்கு ஓர் உச்ச நீளம் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் தண்ணீர்ப் பரப்பின் குறுக்கே நீள நீளமாகத் தகடு போட்டுவிடும், கொள்ளளவுக் கணக்கு வீண்.

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. 1999ஆம் ஆண்டுத் தேசிய ஆள்கூற்று முறையில் பிதுருதலாகல மலைக்குக் கிழக்கு 5 இலட்சம் மீற்றர், வடக்கு 5 இலட்சம் மீற்றர் என்று கொடுத்திருக்கிறார்கள். நாம் அதற்குக் கிழக்கே, வடக்கே இருப்பதால் இரண்டு எண்ணும் அதைவிடப் பெரியவை. பல மெஷ் மென்பொருள்கள் எண்களை 32 பிட்டில்தான் வைக்கின்றன. 5,24,288ஐத் தாண்டிய எண்ணில் 32 பிட்டால் 6.25 சென்றிமீற்றருக்கு ஒரு படிதான் காட்ட முடியும். அம்பாறை நகரமும் மட்டக்களப்பு நகரமும் இரண்டு அச்சிலும் அந்த எல்லைக்கு அப்பால். மதகுச் சுவர் படிக்கட்டுப்போல வந்தால் ஸ்கேனரைக் குறை சொல்லாதீர்கள். திறக்கும்போதே கிளவுட் கொம்பெயார் ஆள்கூற்றை நகர்த்தட்டுமா என்று கேட்கும். ஆம் என்று சொல்லி, நகர்த்திய அளவைக் குறித்து ஃபைலோடு சேர்த்து வையுங்கள்.

களுவாஞ்சிகுடியிலிருந்து

எங்கள் ஊர்க் கோயிலின் பழைய குதிரை வாகனத்தைப்போல இன்னொன்று செய்யக் கையடக்க ஸ்கேனரில் எடுத்தோம். பொன்வண்ணம் பூசிய இடமெல்லாம் ஒளி தெறித்துப் புள்ளிகள் சிதறின. வெள்ளைப் பொடி தெளித்தால் சரியாகும், ஆனால் சுவாமி வாகனத்தில் தெளிக்க முடியாது. கோணத்தை மாற்றி மாற்றி எடுத்ததில் ஓரளவு வந்தது. மெஷ்ஷைப் பார்த்த ஆசாரியார், "தம்பி, இது வடிவாத்தான் இருக்கு, எனக்குக் குறுக்குவெட்டுத்தான் வேணும்" என்றார். இரண்டு அங்குலத்துக்கு ஒரு வெட்டாகக் கழுத்திலிருந்து வால்வரை அச்சடித்துக் கொடுத்தோம். அந்தத் தாளை மரத்தில் ஒட்டித்தான் செதுக்குகிறார். அதற்கு மூடிய மெஷ் தேவைப்படவே இல்லை.

கல்லடியிலிருந்து

அண்ணே, பழைய கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டங்களை எடுத்திருக்கிறேன். புவாசோன் போட்டால் மெல்லிய கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. விளிம்புகளில் வாலும் நீள்கிறது. ஆழத்தைக் கூட்டினால் சரியாகுமா?

புளியந்தீவிலிருந்து

கூட்டினாலும் சரிவராது தம்பி. அந்த வால், கதிரின் ஒரு பாதி கம்பியிலும் மறு பாதி பின்னால் உள்ளதிலும் பட்டு, இரண்டுக்கும் நடுவே விழுந்த புள்ளிகள். அந்தரத்தில் நிற்கும் அவற்றை முதலில் வெட்டு. மெல்லிய சட்டத்தின் இரண்டு முகங்களுக்கும் இடைவெளி கட்டத்தின் அளவுக்கு வந்துவிட்டால் புவாசோன் அவற்றைப் பிரித்துப் பார்க்காது. உனக்கு வேண்டியது வலிமைக் கணக்கா, இல்லை படமா? கணக்கு என்றால் மெஷ்ஷையே விடு. கிளவுட் கொம்பெயாரில் ரான்சாக் என்ற கருவி தளங்களையும் உருளைகளையும் புள்ளிகளிலிருந்தே தேடித் தரும். சட்டத்துக்குச் சட்டம் தளம் பொருத்தி, தடிப்பைக் கலிப்பரால் நேரில் அளந்து போடு. மோட்டார் சைக்கிள் போகும்போது பாலம் அதிரும், அந்த நேரத்து ஸ்கேன்களைத் தனியாக ஒதுக்கி வை. முடிந்தால் ஒரு சட்டத்தின் புள்ளிகளை மட்டும் வெட்டி எனக்கு அனுப்பு, பொருத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.