மறு: அலிபி, தற்காப்பு இரண்டுக்கும் தமிழ் (இன்றிரவுக்குள் வேண்டும்)

குழுவினருக்கு வணக்கம்.

ஞாயிறு காலை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்தில் சட்ட விளக்க வகுப்பு. கொலை வழக்கு மேல்முறையீடு பற்றிய தாள் இன்றிரவு அச்சுக்குப் போகிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். 'குற்றம் நடந்தபோது நான் வேறோர் இடத்தில் இருந்தேன்' என்பது அலிபி, 'என்னைக் காத்துக்கொள்ளத்தான் தாக்கினேன்' என்பது தற்காப்பு. இரண்டுக்கும் அவர்கள் காதில் நிற்கிற சொல் வேண்டும்.

> ஆசிரியர் ஐயா: அலிபிக்கு 'ஏதிலிடம்' வைக்கலாம். லத்தீனிலும் 'வேறோர் இடத்தில்' என்பதுதான் பொருள். குறளில் 'ஏதிலார் குற்றம்' இருக்கிறதே.

ஐயா, வேர் அழகுதான். ஆனால் ஏதிலி என்றால் இன்று அகதி. அந்த நினைப்பு வந்துவிட்டால் பாடம் அங்கேயே நின்றுவிடும்.

> ஈப்போ அக்கா: 'வேற்றிட வாதம்' என்பதே சரி. சோறு சோற்றுப்பானை ஆவதுபோல.

அக்கா, 'வேறிடம்' என்பதும் புணர்ச்சிப்படி சரிதானே. வேற்றூர், வேற்றுநாடு என்றால் அந்நியம் என்ற வாடை வருகிறது. பாடத்துக்கு நாம் எடுத்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவன் சொல்வது, 'நான் அப்போது என் நிரையில் (எனக்கு ஒதுக்கிய ரப்பர் மர வரிசையில்) பால் வெட்டிக்கொண்டிருந்தேன்' என்று. காலையில் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கூப்பிடும் இடத்தில், பெயர் விழுந்திருக்கிறது, பிறகு பால் எடை பார்த்த கணக்கும் இருக்கிறது. நடுவில் நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரத்தில் அவனை மரத்தடியில் யார் பார்த்தார்கள்? நீதிமன்றம் எடைபோடுவது அந்த இடைவெளியைத்தான். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 402ஏ பிரிவுப்படி இந்த வாதத்தை முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும், எங்கே இருந்தான், சாட்சி யார், முகவரி என்ன என்பதோடு. 'வேறிட அறிவிப்பு' என்று சொல்லிப் பாருங்கள், இழுக்காமல் வருகிறது.

ஐயா குறளுக்குப் போனதால் நான் சிலப்பதிகாரத்துக்குப் போகிறேன். சிலம்பைப் பொற்கொல்லன் முன்பே கவர்ந்துவிட்டான், கோவலனோ மதுரைக்குப் புதிதாக வந்தவன். 'சிலம்பு போன அன்று நீ எங்கே இருந்தாய்' என்ற ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குரிய சொல்லைத்தான் நாம் தேடிக்கொண்டிருக்கிறோம், அதனால்தான் எனக்கு இவ்வளவு பிடிவாதம்.

அப்புறம் தற்காப்பு. இங்கே இதுதான் பெரிய சிக்கல். நம் பத்திரிகையில் 'தற்காப்பு வாதம் புரிய உத்தரவு' என்றால், குற்றஞ்சாட்டப்பட்டவர் தன் தரப்பைச் சொல்ல வேண்டும் என்று பொருள். அந்தக் கணக்கில் அலிபியும் தற்காப்பு வாதம்தான்! தற்காப்பு அமைச்சு, தற்காப்புக் கலை வேறு இருக்கின்றன. 'காப்புரிமை' என்று அக்கா எழுதியதும் ஆகாது, அது கண்டுபிடிப்புக்கும் புத்தகத்துக்கும் போய்விட்டது.

நம் பாட வழக்கில் உயர் நீதிமன்றத்தில் 'நான் அங்கே இல்லை' என்றவன், மேல்முறையீட்டில் 'அவன் கத்தியோடு பாய்ந்தான், என்னைக் காத்துக்கொண்டேன்' என்கிறான். முதல் வாதம் இடத்தையே மறுக்கிறது. இரண்டாவது செயலை ஒப்புக்கொண்டு காரணம் சொல்கிறது. முன்பு சொல்லவில்லை என்பதற்காக மட்டும் நீதிபதிகள் இரண்டாவதைத் தள்ளிவிட மாட்டார்கள், சாட்சியத்தில் அதற்கு இடம் இருந்தால் பார்த்தே ஆகவேண்டும். ஆனால் வெட்டு முதுகில் என்றால்? தேவைக்கு மேல் தாக்க, தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை இடம் தருவதில்லை. 2023-இல் கட்டாய மரண தண்டனை நீங்கினாலும் கொலைக்கு தண்டனைச் சட்டம் 302-ஆம் பிரிவில் தூக்கு, இல்லையென்றால் 30 முதல் 40 ஆண்டு. குற்றஞ்சாட்டப்பட்ட பையனின் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுங்கள். இரண்டும் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்று அவருக்குச் சொல்லிலேயே தெரியவேண்டும்.

ஆகவே 'வேறிட வாதம்', 'உயிர்காப்பு வாதம்' என்று போடுகிறேன். ஆதரவு ஐந்து பேர். ஐயாவுக்குச் சம்மதமில்லை. தாப்பா அண்ணன் 'அலிபி' என்றே விடச் சொல்கிறார், வழக்கறிஞர் வாயில் வருவது அதுதான் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதனால் 'அலிபி'யையும் ஒரே ஒரு முறை பக்கத்தில் போட்டுவிடுகிறேன்.

ஒன்று மீதி. தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் வரும் தற்காப்பு உரிமை தன் உயிருக்கு மட்டுமில்லை, பிறர் உயிருக்கும் சொத்துக்கும் உண்டு. சொத்தைக் காக்க அடித்ததை 'உயிர்காப்பு' என்று எப்படிச் சொல்வது? அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். அச்சகம் ஒன்பது மணிக்கு மூடுகிறது, அதற்குள் சொன்னால் சேர்த்துவிடலாம்.