லாஞ்ச்: ஏவலா, பாய்ச்சலா, எடுப்பா?

வணக்கம்.

கையால் கியர் மாற்றும் காரோடு முதன்முறை டிராக் ரேஸ் தடத்தில் இறங்குபவருக்கான கையேட்டைத் தமிழில் தொகுத்து வருகிறோம். பந்தயத்தின் பெயரை ஒருவழியாக முடித்தாயிற்று. 'இழுவைப் பந்தயம்' என்றால் வடம் இழுப்பதும் காற்றின் இழுவிசையும்தான் நினைவுக்கு வருகின்றன. எனவே 'நேர்தடப் பந்தயம்' என்றே வைத்துவிட்டோம். வளைவில்லாத தடம், கால் மைல், அதாவது 402 மீட்டர். சில இடங்களில் அதில் பாதி.

இப்போது இடறுவது 'லாஞ்ச்'. நின்ற வண்டி தொடக்கக் கோட்டை விட்டுக் கிளம்பும் செயல். வரைவில் 'ஏவல்' என்று இருக்கிறது. 'பாய்ச்சல்' என்றும் ஒருவர் திருத்தியிருக்கிறார். 'தொடக்கம்' என்று எழுதினால் எஞ்சினை ஸ்டார்ட் செய்வதோடு குழம்பும். உங்கள் பரிந்துரை தேவை.

ம.

———

> வரைவில் 'ஏவல்' என்று இருக்கிறது.

ஏவல் வேண்டாம். ஏவுகணையை வெளியே நிற்பவர் ஏவுகிறார். ஏவியபின் அவருக்கு வேலை இல்லை. இங்கே ஓட்டுபவர் உள்ளேயே உட்கார்ந்து, முதல் இரண்டு விநாடியும் இரு கால்களாலும் அதை நடத்திக்கொண்டிருக்கிறார். பாய்ச்சலும் சரிவராது. அது நன்றாக நடந்தால் கிடைக்கும் பலன். வண்டி திணறிப்போய் ஊர்ந்தாலும் அதுவும் லாஞ்ச்தான். 'மோசமான பாய்ச்சல்' என்று எழுதிப் பாருங்கள், இடிக்கும்.

சொல்லைத் தேடுமுன் உள்ளே நடப்பதைக் கணக்காகப் பார்த்துவிடலாம். முதல் கியர் விகிதம் 3.5, இறுதிப் பல்லிணை விகிதம் 4 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 14. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் சக்கரம் 214 சுற்று சுற்ற வேண்டும். டயரின் சுற்றளவு 1.9 மீட்டர் என்றால் வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர் சொச்சம். ஆனால் வண்டியோ நின்றுகொண்டிருக்கிறது. எஞ்சினை 3,000-இல் பிடித்துக்கொண்டு கிளம்பினால், வண்டி அந்த 24-ஐத் தொடும்வரை எங்கோ ஓரிடத்தில் இந்த வேக வித்தியாசம் கழிந்துதான் ஆகும். கிளட்சில் கழிந்தால் அது நம் காலின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. டயரில் கழிந்தால் புகைதான் மிச்சம். இரண்டிலும் கழியாவிட்டால் எஞ்சின் சுற்று சரிந்து வண்டி திணறும். கிளட்சைத் 'தடால்' என்று விட்டு, டயரும் விடாப்பிடியாகத் தரையைப் பிடித்தால், அடி முழுவதும் அச்சுத்தண்டு, டிஃபரென்ஷியல், கியர்பெட்டி ஆகியவற்றின்மேல் விழுகிறது. உடைவது பெரும்பாலும் அப்போதுதான்.

ஆகவே நமக்கு வேண்டியது, ஓட்டுபவர் காலால் செய்யும் ஒரு வேலையின் பெயர். பேச்சுவழக்கில் அது ஏற்கனவே இருக்கிறது: 'வண்டியை எடு', 'ஏற்றத்தில் எடுக்கத் தெரியவில்லை', 'குலுங்காமல் எடுத்தான்'. என் பரிந்துரை எடுப்பு. நல்ல எடுப்பு, மோசமான எடுப்பு இரண்டும் இயல்பாக வரும்.

கையேட்டில் செய்முறையை இந்த அளவில் வைத்தால் போதும் என்பேன்:

டிராக்‌ஷன் கன்ட்ரோலை (சக்கரம் வெறுமனே சுழலாமல் தானே தடுக்கும் அமைப்பை) அணைக்கவும். ஏசியையும் அணைக்கவும், அதிலிருந்து சொட்டும் நீர் தடத்தில் விழக் கூடாது. வரிசையில் காத்திருக்கும்போது நியூட்ரலில் நிற்கவும், கிளட்சை மிதித்தபடி இருக்க வேண்டாம். கோட்டுக்கு வந்து முதல் கியர் போட்டு, கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடம்வரை பெடலை மேலே கொண்டுவந்து, அங்கிருந்து மயிரிழை கீழே வைத்திருக்கவும். சாதாரண சாலை டயரோடு பின்சக்கர இயக்க வண்டி என்றால், முதல் ஓட்டத்துக்கு 2,000 முதல் 2,500 சுற்று. கிளம்பும்போது பெடலை விட்டெறியாமல் ஏறத்தாழ ஒரு விநாடி பரப்பில் விடவும். அதே நேரத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டே போகவும். கிளட்ச் முழுதாகப் பிடித்தபின்தான் முழு அழுத்தம். அடுத்த ஓட்டத்தில் 300 அல்லது 500 சுற்று கூட்டிப் பார்க்கலாம். சுற்றையும் பெடல் வேகத்தையும் ஒரே ஓட்டத்தில் மாற்றினால் எதனால் என்ன ஆனது என்று ஒருநாளும் தெரியாது.

செ.

———

எடுப்புக்கு எதிராக ஒன்று. ஒர்க்‌ஷாப்பில் 'பிக்கப்' என்று சொல்வார்களே, அதற்கு எடுப்பு என்று சிலர் எழுதுகிறார்கள். பிக்கப் என்பது எஞ்சின் எவ்வளவு விறுவிறுப்பாக வேகம் பிடிக்கிறது என்ற குணம். இங்கே பேசுவது ஓட்டுபவரின் செயல். 'எடுப்பான வண்டி' என்றால் அழகான வண்டி என்றும் பொருள். இத்தனை குழப்பம் தேவையா? 'கிளம்பல்' என்று எளிமையாக வைத்தால் என்ன?

அதைவிடப் பெரிய குழப்பம் வரைவின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. கிளட்ச் ஸ்லிப்புக்கும் வீல் ஸ்பின்னுக்கும் 'வழுக்கல்' என்றே எழுதியிருக்கிறார்கள். 'வழுக்கல் ஏற்பட்டால் ஆக்சிலரேட்டரைக் குறைக்கவும்' என்று ஒரு வரி. எந்த வழுக்கல்? செ. ஐயா சொன்ன கணக்குப்படி ஒன்று நாம் வேண்டுமென்றே செய்வது, மற்றது தவிர்க்க வேண்டியது. இரண்டையும் ஓட்டுபவர் இருக்கையிலிருந்தே பிரித்தறியலாம். டயர் சுழன்றால் கிறீச்சொலி கேட்கும், ஸ்பீடோமீட்டர் முள்ளும் ஆர்.பி.எம். முள்ளும் சேர்ந்து ஏறும், வண்டி மட்டும் அதற்கேற்ப நகராது. கிளட்ச் நழுவினால் ஆர்.பி.எம். மட்டும் ஏறும், ஸ்பீடோமீட்டர் பின்தங்கும், கருகிய வாடை வரும். மூன்றாம் நான்காம் கியரிலும் அப்படி ஏறினால் கிளட்ச் தேய்ந்துவிட்டது, அன்றைய ஓட்டம் அவ்வளவுதான்.

எனவே கிளட்சுக்கு நழுவல், டயருக்கு வெறுஞ்சுழல். சுற்று சரிந்து வண்டி முக்குவதற்குப் புதுச்சொல் வேண்டாம், திணறல் போதும். கைமருந்தும் வெவ்வேறு: வெறுஞ்சுழலில் ஆக்சிலரேட்டரைச் சற்றே தளர்த்த வேண்டும் (முழுதாகக் காலை எடுத்தால் பின்சக்கர வண்டி வாலை வீசக்கூடும்), திணறலில் கிளட்சை ஒரு தொடு தொட்டுச் சுற்றை மீட்க வேண்டும். சக்கரம் தடதடவென்று குதித்தால் மட்டும் ஆராய்ச்சி செய்யாமல் காலை எடுத்துவிட வேண்டும். அந்தக் குதிப்பில் சி.வி. ஜாயிண்டும் (சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) அச்சும் போய்விடும்.

முன்சக்கர இயக்கத்துக்குத் தனிக் குறிப்பும் தேவை. கிளம்பும்போது எடை பின்னால் சாய்கிறது. முன்சக்கரம் லேசாகி எளிதில் வெறுஞ்சுழலுக்குப் போகும். 1,500 முதல் 2,000 சுற்றில் தொடங்கச் சொல்லுங்கள். நான்கு சக்கர இயக்கத்தில் நேர்மாறு: டயர் விட்டுக்கொடுக்காது, நழுவல் முழுவதையும் கிளட்ச் தாங்க வேண்டும். பெடல் தரையிலிருந்து எழும்பச் சோம்பல்பட்டால் சூடு ஏறிவிட்டது என்று பொருள். அடுத்த ஓட்டத்துக்கு முன் நன்றாக ஆறவிட வேண்டும்.

ந.

———

நழுவல், வெறுஞ்சுழல், திணறல் மூன்றும் அருமை, அப்படியே ஏற்கலாம்.

'கிளம்பல்' எனக்கு ஒப்பவில்லை. காலையில் வீட்டை விட்டுப் புறப்படுவதும் கிளம்பல்தான், அதில் திறமை எதுவும் இல்லை. எடுப்பில் இருக்கிறது. பிக்கப்புக்கு 'முடுக்குதிறன்' என்று தனியே கொடுத்துவிட்டால் மோதல் தீரும்.

எடுப்பின் பக்கம் நிற்க இன்னொரு காரணம். தமிழிசையில் பல்லவிக்கு எடுப்பு, அனுபல்லவிக்குத் தொடுப்பு, சரணத்துக்கு முடிப்பு என்ற பெயர்கள் உண்டு. எடுத்ததை விடாமல் அடுத்ததோடு தொடுப்பது தொடுப்பு. நேர்தட ஓட்டத்தில் கியர் மாற்றமும் அப்படித்தான். 'கியர் மாற்றம்' என்பது சாலையில் சாவகாசமாகச் செய்வதற்கும் பொருந்தும். பந்தயத்தில் விரைந்து செய்வதை தொடுப்பு என்று பிரித்துச் சொல்லலாம்.

இதில் பிழைகள் இரண்டு வகை. கியர் எதிலும் விழாமல் நியூட்ரலில் நின்று எஞ்சின் அலறுவது ஒன்று. அதில் போவது நேரம் மட்டும், எஞ்சின் சுற்று வரம்பு மீறாமல் தடுக்கும் லிமிட்டர் அதைக் காப்பாற்றிவிடும். அதற்கு தவறிய தொடுப்பு. மற்றது மூன்றிலிருந்து நான்குக்கு இழுக்கும்போது கை இடப்பக்கம் சாய்ந்து இரண்டில் விழுவது. மூன்றின் விகிதம் 1.4, இரண்டின் விகிதம் 2.1 என்றால், 6,500-இல் இருந்த எஞ்சினைச் சக்கரங்கள் 9,750-க்கு இழுத்துக்கொண்டு போகும். லிமிட்டரால் எரிபொருளை நிறுத்தத்தான் முடியும். தரையிலிருந்து வரும் சுழற்சியை அது எப்படி நிறுத்தும்? வால்வு பிஸ்டனில் மோதி எஞ்சினே போய்விடும். இதற்கு பிறழ்தொடுப்பு. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் புதியவருக்கு எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரியாது.

தவிர்க்கும் வழி: கியர்க் குமிழை முஷ்டியாக இறுக்கிப் பிடிக்காமல், இரண்டிலிருந்து மூன்றுக்கு உள்ளங்கையால் நேரே முன்னே தள்ள வேண்டும். நடுவுக்குக் கொண்டுவருவது உள்ளிருக்கும் ஸ்பிரிங்கின் வேலை. மூன்றிலிருந்து நான்குக்கு விரல்களால் நேரே பின்னே. ஆக்சிலரேட்டரை அழுத்தியபடியே கிளட்சை மட்டும் தட்டி மாற்றும் வித்தையைக் கையேட்டின் முதல் பதிப்பில் சேர்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து. முதல் நாளில் அதனால் கிடைக்கும் நேரம் சொற்பம், கியர்பெட்டிக்கு வரும் கேடு அப்படியல்ல.

இ.

———

நன்றி. பெரும்பாலோர் எடுப்பின் பக்கம் என்று கொள்கிறேன். கிளட்சை 'உரசிணைப்பி' ஆக்கச் சொல்லி ஒரு தனிமடல் வந்தது. கிளட்ச் கிளட்சாகவே இருக்கட்டும். பதிவுகளின் வரைவு:

எடுப்பு: பச்சை விளக்கு எரிந்ததிலிருந்து முதல் 60 அடி (18.3 மீட்டர்) வரை வண்டியைக் கொண்டுசெல்லும் செயல்.
எடுப்பு நேரம்: அதற்கு ஆகும் நேரம். ஓட்டம் முடிந்ததும் தரும் நேரச்சீட்டில் 60 அடிக்கு நேரே அச்சாகியிருக்கும்.
நிலைகொள்ளல்: முன்சக்கரத்தை தொடக்கக் கோட்டின் இரு ஒளிக்கற்றைகளிலும் சரியாக நிறுத்துதல்.

ம.

———

முதல் இரண்டு பதிவுகளிலும் பிழை இருக்கிறது. எடுப்பு நேரம் பச்சை விளக்கிலிருந்து ஓடுவதில்லை. முன்சக்கரம் இரண்டாவது ஒளிக்கற்றையை விட்டு விலகும் கணத்தில்தான் கடிகாரம் தொடங்கும். முழு ஓட்ட நேரமும் அப்படித்தான். பச்சை எரிந்து சக்கரம் விலகும்வரை ஆகும் நேரம் எதிர்வினை நேரம், அது சீட்டில் தனி வரி. இரு வண்டிகள் போட்டியிடும்போது வெற்றியை அதுவும் சேர்ந்து முடிவு செய்யும். தனக்காக நேரம் பார்க்க வந்த புதியவருக்கு அதனால் நட்டமே இல்லை. பச்சையைப் பார்த்து, மூச்சு விட்டு, நிதானமாக எடுக்கலாம். இதைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். பதற்றத்தில் கிளட்சை விட்டெறிபவர் பாதியாகக் குறைவார்.

பச்சை வந்த உடனே கிளம்ப நினைப்பவருக்கு: மூன்று மஞ்சளும் அரை விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக எரியும் விளக்குமரத்தில் (தொடக்கக் கோட்டருகே விளக்குகள் அடுக்கிய கம்பம்), கடைசி மஞ்சளைப் பார்த்ததுமே கால் அசைய வேண்டும். மூன்றும் ஒன்றாக எரியும் வகையில் 0.4 விநாடியில் பச்சை வந்துவிடும், முதல் நாளில் அதைத் தொட வேண்டியதில்லை.

நிலைகொள்ளலில் ஒரு வரி சேர்க்கவும்: சக்கரம் முதல் கற்றையை மறைத்து அதற்கான விளக்கு எரிந்ததும் நின்று, பிறகு அங்குலம் அங்குலமாக நகர்ந்து இரண்டாவது எரிந்த உடனே நிற்க வேண்டும். இரண்டு கற்றைக்கும் இடையே 7 அங்குலம்தான். இரண்டாவது எரிந்தபின்னும் நகர்ந்தால் ஒளிக்கற்றையைக் கடக்க மிஞ்சும் தூரம் குறையும். கடிகாரம் தொடங்குமுன் கிடைக்கும் இலவச ஓட்டமும் போய்விடும். சாலை டயரோடு வருபவர், பந்தய டயரை நனைத்துச் சுழற்றிச் சூடேற்றும் தண்ணீர்ப் பள்ளத்தில் இறங்காமல் சுற்றிப் போகட்டும். டயரின் பள்ளங்களில் தங்கும் நீர் கோட்டிலேயே ஒழுகி, வெறுஞ்சுழலை நாமே வரவழைத்ததாகிவிடும்.

எடுப்பு நேரத்தில் 0.1 விநாடி குறைந்தால் கால் மைல் முடிவில் 0.15 முதல் 0.2 வரை குறையும் என்பது தடத்தில் புழங்கும் கணக்கு. அதையும் சேர்க்கலாம்.

ந.

———

திருத்தங்களை ஏற்றுக்கொண்டேன். எடுப்பு 'முன்சக்கரம் ஒளிக்கற்றையை விட்டு விலகுவதிலிருந்து' என்று மாறுகிறது. இறுதிக்கோட்டுக்கு 'முடிப்பு' என்று வைக்கலாமா?

ம.

———

வேண்டாம். முடிப்பு என்றால் கோட்டோடு வேலை முடிந்தது என்று நினைத்துப் பிரேக்கை ஏறி மிதிப்பார்கள். இறுதிக்கோடு போதும், அதற்கு அப்பால் வேகம் குறைக்கும் நீளத்துக்கு அடங்குதடம் என்று தனிப்பதிவு கொடுங்கள். அதில் எழுத வேண்டியது: கியரிலேயே வைத்து ஆக்சிலரேட்டரை விடவும், பிறகு படிப்படியாகப் பிரேக், சாவியை அணைக்க வேண்டாம் (அணைத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளக்கூடும்), பக்கத்து வண்டி எங்கே என்று பார்க்காமல் அதன் பாதைக்குள் திரும்ப வேண்டாம்.

செ.