'புல்பப்' துப்பாக்கிக்குப் 'பின்பொறி' பொருந்துமா?

வணக்கம் நண்பர்களே,

சுடும் பொறி, விசைக்கு (trigger) பின்னால் அமைந்த துப்பாக்கி வகையே 'புல்பப்' (bullpup). அதற்குத் தமிழில் 'பின்பொறி' என்று பெயர் வைக்கலாம் என்பது என் பரிந்துரை. அதற்கு வந்த மறுமொழி ஒன்று:

> 'குட்டைத் துப்பாக்கி' என்றே வைத்துவிடலாமே?

வேண்டாம் என்பதே என் கருத்து. குழல் குட்டையான ரைஃபிளான கார்பைனுக்குக் 'குறுந்துப்பாக்கி' என்று ஏற்கெனவே எழுதுகிறோம். இரண்டும் குழம்பும். அதைவிட, புல்பப்பில் குழல் குட்டையாவதே இல்லை. வழக்கமான அமைப்புள்ள அமெரிக்க ரைஃபிளான எம்16 ஏ2-வின் குழல் 508 மி.மீ., மொத்த நீளம் ஏறக்குறைய 1000 மி.மீ. ஆஸ்திரியாவின் புல்பப்பான ஸ்டைர் ஏயூஜி-க்கும் அதே 508 மி.மீ. குழல்தான், மொத்த நீளம் 790. வழக்கமான துப்பாக்கியில் தோளில் பதியும் கட்டை வெறும் தாங்கல். புல்பப்பில் சுடும் பொறியே அதற்குள் போய்விடுகிறது, விசைக்குப் பின்னால். இந்த வகையின் அழகே அதுதான், பெயரிலும் அது தெரிய வேண்டும். அதனால்தான் 'பின்பொறி'.

தோட்டாக் கூடு (magazine) பின்னால் இருப்பதை வைத்து வந்த 'பின்கூடு' என்ற பரிந்துரை எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் பெல்ஜியத்தின் பி90 துப்பாக்கியைப் பாருங்கள். 50 தோட்டாக்கள் கொண்ட கூடு குழலுக்கு மேலே படுத்திருக்கிறது. உள்ளே தோட்டாக்கள் குறுக்காகக் கிடந்து, இறங்கும்போது 90 பாகை திரும்புகின்றன. கூடு பின்னால் தொங்கவில்லை, ஆனாலும் அது புல்பப்தான். இஸ்ரேலின் ஊசி (Uzi) துப்பாக்கியில் கூடு கைப்பிடிக்குள்ளேயே இருக்கிறது, அது புல்பப் அல்ல. ஆகவே கூட்டை வைத்துப் பெயரிட்டால் இடறும்.

கைத்துப்பாக்கித் தோட்டா போடும் வகையை அப்போது 'கைத்தோட்டாப் பின்பொறி' எனலாம். கொஞ்சம் நீளம்தான், சரி. இதை விரும்புகிறவர்கள் சொல்லும் காரணங்கள் எளியவை: 9 மி.மீ. தோட்டாவின் உதை குறைவு, தோளில் ஊன்றிக் குறிபார்க்கலாம், எடை உடம்போடு ஒட்டி நிற்பதால் ஒரு கையாலேயே தாங்க முடிகிறது. குறைகளும் உண்டு. கூடு மாற்றக் கை அக்குளுக்கு அடியில் போக வேண்டும். இடது தோளில் வைத்தால், பல மாதிரிகளில் சுட்ட தோட்டாவின் வெற்று உறை முகத்தருகே பறக்கும். பி90 அதைக் கீழே உதிர்ப்பதால் தப்பித்தது.

'எல்லாத் துப்பாக்கியிலும் பொறி குழலுக்குப் பின்தானே?' என்ற கேள்வி நியாயமானது. 'விசைக்குப் பின்' என்பதை வரையறையில் எழுதிவிட்டால் போதும். பெயருக்குள் அத்தனையையும் திணிக்க முடியாது.

அப்புறம், விசையைப் பின்னாலுள்ள பொறியோடு இணைக்கும் நீண்ட கம்பிக்கும் சொல் தேவை. இழுக்கும்போது விரலில் தெரியும் அந்தக் கொழகொழப்புக்கு அதுவே பெரிய காரணம். 'விசைத்தண்டு' என்று எழுதி வைத்திருக்கிறேன். மாற்று இருந்தால் சொல்லுங்கள்.