கஞ்சா கேஸுல வீடு போகுமா? – வைகை நகர் 2வது தெரு குழு

முருகேசன் (காய்கறிக் கடை) 7:12
*பலமுறை பகிரப்பட்டது*
"ஒரு பொட்டலம் கஞ்சா பிடிபட்டாலும் குடும்பத்தோட வீடு, நகை, பேங்க் கணக்கு எல்லாம் அரசுக்கு!!! பத்துப் பேருக்கு அனுப்பவும்"
நெசமா சார் இது?

வக்கீல் சேகர் 7:31
கால்வாசி நெசம். என்டிபிஎஸ்ங்கிற போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துல கஞ்சா 1 கிலோ வரைக்கும் சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல வணிக அளவு. சிறு அளவுக்கு அதிகபட்சம் 1 வருஷம் ஜெயில். சொத்தை முடக்குற 5ஏ அத்தியாயம், 10 வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை வரக்கூடிய கேஸுக்குத்தான். பொட்டலத்துக்கெல்லாம் வீடு போகாது.

முருகேசன் 7:33
2022ல கஞ்சா வேட்டையப்ப நம்ம தென் மண்டலத்துல சொந்தக்காரங்க கணக்கையும் முடக்குனாங்களே

பாண்டியன் அண்ணன் (ரிட். இன்ஸ்) 7:40
முடக்கலாம் தம்பி. பொண்டாட்டி, கூடப் பொறந்தவங்க, மச்சான், மாமியார் வரைக்கும் "உறவினர்"ல வருவாங்க. சரக்கு ஆந்திரா–ஒடிசா எல்லையில இருந்து ரயில்ல வரும். காசு மட்டும் ஒருநாளும் விக்கிறவன் பேர்ல இருக்காது. ஆளைப் பிடிச்சா பத்து நாள்ல இன்னொருத்தன் வந்துருவான். காசை நிறுத்துனாத்தான் சரக்கு நிக்கும்.

வக்கீல் சேகர் 7:46
ஆனா அந்தச் சட்டத்தோட 68எஃப் பிரிவுல சொத்தை முடக்கி உத்தரவு போட்டா 48 மணி நேரத்துல நகல், அதை உறுதி செய்யுற தகுதிவாய்ந்த அதிகாரிக்குப் போகணும். நம்ம பக்கத்துக்கு அந்த ஆபீஸ் சென்னையில. அவர் 30 நாளுக்குள்ள உறுதி செய்யலைன்னா உத்தரவு செல்லாது. பல கேஸ் இங்கதான் படுத்துரும். ஸ்டேஷன்ல இருந்து பேங்குக்கு லெட்டர் போயிரும், சென்னைக்கு ஃபைல் போகாது.

பாண்டியன் அண்ணன் (ரிட். இன்ஸ்) 7:52
எடையிலயும் கோட்டை விடுவாங்க. சட்டப்படி கஞ்சான்னா பூவும் காயும் உள்ள நுனிப் பகுதி. நுனி இல்லாம தனியா இருக்கிற இலையும் விதையும் கணக்குல சேராது. சாக்கோட தூக்கித் தராசுல வெச்சு 21 கிலோன்னு எழுதினா வக்கீல் சும்மா விடுவாரா 😄

வக்கீல் சேகர் 7:53
விடமாட்டேன் 😄

ராஜி டீச்சர் 7:58
காலேஜ் பசங்ககிட்ட "கணக்கை மட்டும் குடு, மாசாமாசம் காசு தர்றோம்"னு கேக்குறாங்களாமே?

கணேசன் சார் (பேங்க் ஓய்வு) 8:05
கேக்குறது பாஸ்புக், ஏடிஎம் கார்டு, அந்த நம்பரோட சிம், மூணும் சேர்த்து. சிம் போச்சுன்னா ஓடிபி அவன் கையில. 50,000க்கு பான் கேப்பாங்கன்னு 49,000, 48,500னு பிரிச்சுக் கட்டுவான். பணம் வந்த கையோட ஏடிஎம்ல காலி பண்ணுவான். படிக்கிற பையன் கணக்குல இப்படி ஓடுனா சிஸ்டமே காட்டிக் குடுத்துரும். சந்தேகம் உறுதியானா பேங்க் தாமதிக்காம டெல்லியில இருக்கிற நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அறிக்கை அனுப்பணும். கணக்குக்காரன்கிட்ட அதை மூச்சு விடக் கூடாதுன்னும் விதி. அதனால "பேங்க்ல ஒண்ணுமே சொல்லலையே"ன்னு நிம்மதியா இருக்க முடியாது.

வக்கீல் சேகர் 8:09
பணம் போதைப்பொருள்ல வந்ததுன்னு போனா அமலாக்கத்துறையும் பிஎம்எல்ஏங்கிற சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துல உள்ள வரும். மத்த குற்றப் பணத்துக்கு ஜெயில் 7 வருஷம் வரை, போதைப்பொருள் பணத்துக்கு 10 வரை. தெரிஞ்சே கணக்கை வாடகைக்கு விட்டவனும் அதுல குற்றவாளிதான்.

ராஜி டீச்சர் 8:14
பழக்கத்துல மாட்டிக்கிட்ட பையன் வைத்தியத்துக்குப் போனாலும் கேஸ் வருமா?

வக்கீல் சேகர் 8:17
என்டிபிஎஸ்ல 64ஏ பிரிவு இருக்கு டீச்சர். உபயோகிச்ச கேஸு, சிறு அளவு கேஸுன்னா, அவனா முன்வந்து அரசு அங்கீகாரம் உள்ள இடத்துல சிகிச்சை எடுத்தா வழக்குல இருந்து விலக்கு கிடைக்கும். பாதியில விட்டா விலக்கும் போயிரும். சேர்க்கை, டிஸ்சார்ஜ் காகிதம் ரெண்டும் பத்திரம்.

பாண்டியன் அண்ணன் (ரிட். இன்ஸ்) 8:20
விக்கிறது தெரிஞ்சா 10581, இல்லேன்னா 1933க்கு போன் பண்ணுங்க. உங்க பேர் சொல்ல வேண்டாம். இடம், நேரம், வண்டி நம்பர் சொல்லுங்க. "அந்தப் பக்கம் ஒரே தொல்லை"ன்னா யாரும் வரமாட்டாங்க.

முருகேசன் 8:26
வக்கீல் சார், தெரிஞ்ச ஒரு அம்மா வீட்டுக்கு இந்த மாதிரி சொத்து நோட்டீஸ் வந்துருக்கு. மகன் உள்ள இருக்கான். இடம் அந்த அம்மா பேர்ல, நகையை அடகு வெச்சு வாங்கினதுங்கிறாங்க.

வக்கீல் சேகர் 8:33
நேர்மையா வாங்கினதுன்னு காட்ட வேண்டிய பொறுப்பு அவங்களோடது. அடகு ரசீது, சீட்டு புக்கு, கிரயப் பத்திரம் மூணுலயும் தேதி ஒத்துப்போகணும். கைது ஆனதுக்கு 6 வருஷத்துக்கு முன்ன வாங்கியிருந்தா பறிக்கவே முடியாது. பதில் சொல்ல பொதுவா 30 நாளுக்குக் குறையாம தருவாங்க. பறிமுதல் உத்தரவே வந்துட்டா தீர்ப்பாயத்துல அப்பீல் போட 45 நாள். சாயங்காலம் நோட்டீஸோட பத்திரத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. ஜெராக்ஸ் வேண்டாம், அசல்.