15 ஓட்டில் போன தொகுதி: பிரிட்டன் தேர்தல் அனுபவங்கள்

ஹெண்டன்காரன்:

எனக்கு இங்கே ஓட்டு உண்டு என்பதே லண்டன் வந்து இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. முறையான விசாவில் குடியிருக்கும் காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் பதிவு செய்துகொண்டு நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம், பிரிட்டிஷ் குடியுரிமை தேவையில்லை. ஊரில் சொன்னால் அப்பா இன்னும் நம்பவில்லை.

2024 தேர்தல்தான் எனக்கு முதல் தேர்தல். தேர்தல் நடக்கிற மாதிரியே இல்லை. மைக் செட் கிடையாது, சுவரெழுத்து கிடையாது. டிவியிலும் ரேடியோவிலும் கட்சிகள் காசு கொடுத்து விளம்பரம் செய்ய இங்கே சட்டப்படி தடை. ஒதுக்கிக் கொடுத்த சில நிமிடங்களில் பேசிவிட்டுப் போக வேண்டியதுதான். ஆனால் போனுக்கு அந்தத் தடை இல்லை. தெருவில் காணாத தேர்தலெல்லாம் என் உள்ளங்கையில் நடந்தது.

நானும் மனைவியும் ஒரே வீடு, ஒரே வைஃபை. அவளுடைய ஃபேஸ்புக்கில் வந்த கட்சி விளம்பரங்களில் ஆஸ்பத்திரி காத்திருப்புப் பட்டியலும் பள்ளிக்கூடமும் வந்தன. எனக்கு கார் செலவும் வரியும். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டும் ஒரே கட்சி! எந்தக் கட்சி என்று சொல்லவில்லை, சண்டை வரும். மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டால் 'இது ஏன் உங்களுக்கு வந்தது' என்று காட்டும். வயது, இருக்கும் இடம், இப்படி ஏதாவது இருக்கும்.

அதே வாரம் அதே கட்சிக்காரர் ஒருவர் கோட்டில் ரிப்பன் பூ குத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார். நாங்கள் இருவரும் சேர்ந்துதான் கதவைத் திறந்தோம். பாவம், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பேச்சைத்தான் அவரால் பேச முடிந்தது. கொஞ்சம் திணறினார்.

அப்புறம் அந்த 2,000 பவுண்டு. ஜூன் 4 டிவி விவாதத்தில், லேபர் கட்சி வந்தால் குடும்பத்துக்கு 2,000 பவுண்டு வரி ஏறும் என்றார் அப்போதைய பிரதமர், கன்சர்வேட்டிவ் கட்சியின் ரிஷி சுனக். மறுநாள் எனக்கு வந்த படங்களிலெல்லாம் அந்த எண்தான். அது நான்கு வருடத்துக்குச் சேர்த்துப் போட்ட கணக்கு. அதைச் சொல்லாமல் விட்டால் கேட்பவருக்கு எப்படித் தெரியும் என்று புள்ளிவிவரக் கண்காணிப்பு அமைப்பே குறை சொன்னது. அதற்குள் எண் ஊரைச் சுற்றிவிட்டது.

சரி, என் குற்றத்துக்கு வருகிறேன். எல்லாக் கணிப்பும் லேபர் அலை என்றது. சுனக்கின் கட்சியே 'லேபருக்கு சூப்பர் மெஜாரிட்டி வரப்போகிறது' என்று பயமுறுத்தியது. முடிந்த கதைக்கு நான் எதற்கு என்று ஜூலை 4 சாயங்காலம் சோபாவில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஓட்டுப் போட இரவு 10 மணி வரை நேரம் இருந்தது. மனைவி அடையாளத்துக்கு இந்திய பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தாள்.

நாட்டில் லேபர் 400 இடங்களைத் தாண்டியது. எங்கள் ஹெண்டன் தொகுதியையும் லேபர் எடுத்தது. வித்தியாசம் 15 ஓட்டு.

உங்களுக்கு எப்படிப் போனது?

ஸ்ட்ராட்ஃபோர்ட் ஐயா:

தம்பி, நான் யாழ்ப்பாணத்தில் இருந்து இங்கே வந்து முப்பது வருடம் தாண்டிவிட்டது. எங்கள் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில்தான் உமா குமரன் வென்றார். தமிழ்ப் பெண் ஒருவர் இந்த நாடாளுமன்றத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. அன்றிரவு எங்கள் வீட்டில் ஒருவரும் படுக்கவில்லை.

என்னுடைய கதை ஃபேஸ்புக் இல்லை, வாட்ஸப். 2023 ஒக்டோபரில், அப்போது லேபர் தலைவராக இருந்த கீர் ஸ்டார்மர் தன் ஊழியரைத் தூசணத்தால் ஏசுவதுபோல ஒரு ஒலிப்பதிவு வந்தது. அச்சு அசல் அவர் குரல். நானே நாலு பேருக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து மகள் வந்து, "அப்பா, அது கணினி செய்த போலிக் குரல்" என்று சொன்னாள். அனுப்பினவர்களுக்கு ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னேன். ஒருவர் மட்டும் இன்றைக்கும் அது உண்மை என்றுதான் நிற்கிறார்.

இன்னொன்று, பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இல்லாவிட்டால் வாக்குப் போட விடமாட்டார்கள் என்று ஒரு செய்தி சுற்றியது. பக்கத்து வீட்டு அக்கா அதை நம்பி வீட்டில் இருந்துவிடப் பார்த்தார். நான் என்னுடைய முதியோர் பஸ் பாஸைக் காட்டித்தான் போட்டேன், அவர் இலங்கைப் பாஸ்போர்ட்டைக் காட்டிப் போட்டார். ஆனால் பேரனின் மாணவர் ஓய்ஸ்டர் கார்டு, அதாவது லண்டன் பஸ், ரயில் பயண அட்டை, செல்லாது என்றார்கள். கிழவனுக்கு ஒரு நியாயம், பெடியனுக்கு ஒரு நியாயம்!

லெஸ்டர் மாணவி:

எனக்கு ஞாபகம் இருப்பது எட் டேவி தண்ணீரில் விழுந்ததுதான். லிபரல் டெமாக்ரட் தலைவர் விண்டர்மியர் ஏரியில் துடுப்புப் பலகையிலிருந்து தொப்பு தொப்பென்று விழுந்தார். சிரித்துவிட்டு ஸ்க்ரோல் செய்யப் போனவள் நின்று கேட்டேன். ஆற்றிலும் ஏரியிலும் கழிவுநீர் விடுகிறார்கள் என்பது விஷயம். 12 சதவீத ஓட்டில் அவர்களுக்கு 72 இடம். டிக்டாக்கில் என் வகுப்புப் பையன்கள் எல்லாரும் பார்த்தது ஃபராஜை. அவருடைய ரிஃபார்ம் கட்சிக்கு 14 சதவீதம், இடம் வெறும் 5. தொகுதிக்குத் தொகுதி முதலாவதாக வந்தால்தான் இங்கே கணக்கு. லைக் நாடு முழுக்கப் பரவிக் கிடந்து என்ன செய்ய?

கதவு தட்டியவன்:

ஹெண்டன்காரரே, உங்கள் வாசலில் திணறியவர்களில் நானும் ஒருவனாக இருக்கலாம். ஒரு கட்சிக்காக ஆறு வாரம் கதவு தட்டினேன்.

நாங்கள் வருவது மனம் மாற்ற என்று எல்லாரும் நினைக்கிறார்கள். வாசலில் இரண்டு நிமிடத்தில் யார் மனம் மாறும்? வருவது கணக்கெடுக்க. நீங்கள் 'பார்க்கலாம்' என்று இழுத்தாலும் அதற்கு ஒரு குறி உண்டு. நம் ஆள், வேறு ஆள், முடிவு செய்யாதவர் என்று போனில் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவோம். தேர்தல் அன்று 'நம் ஆள்' வீடுகளுக்கு மட்டும் மறுபடி போய்த் தட்டி எழுப்புவோம். வாக்குச்சாவடி வாசலில் நின்று உங்கள் வாக்காளர் எண்ணைக் கேட்பவர்களும் இதற்குத்தான். சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, பலர் அவர்களை அதிகாரி என்று நினைத்துச் சொல்லிவிடுகிறார்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று. தேர்தல் முடிந்த பிறகு, யார் ஓட்டுப் போட்டார், யார் போடவில்லை என்று குறித்த வாக்காளர் பட்டியலைக் கட்சிகள் விலைக்கு வாங்கலாம். யாருக்குப் போட்டீர்கள் என்பது அதில் இராது. வந்தீர்களா இல்லையா என்பது மட்டும். அடுத்த தேர்தலுக்குத் தபாலையும் நேரத்தையும் யார்மேல் செலவழிப்பது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். ஓட்டுப் போடாதவர் பெயர் மெல்லக் கீழே போய்விடும்.

ஹெண்டன்காரன்:

ஓ, அப்படியா சங்கதி! இப்போதெல்லாம் கட்சிக் கடிதங்கள் என் மனைவி பெயருக்கு மட்டும்தான் வருகின்றன. தபால்காரர் தவறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதை அவளிடம் காட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கிறேன்.