கேம்பர் வேன் பேட்டரி 12.4 வோல்ட்டுக்கு மேல நிக்கல – ரெண்டையும் மாத்தணுமா?

வேளச்சேரி_வேன்

வணக்கம். பழைய டெம்போ டிராவலர், கேம்பர் வேனா மாத்தினது. இன்ஜின் பேட்டரி தனி, அதுல பிரச்சனை இல்ல. கேபினுக்கு 150 ஏஎச் (ஆம்ப்-அவர், கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி (குழாய் மாதிரி ப்ளேட் உள்ளது) ரெண்டு, பேரலல்ல, சீட்டுக்கு அடியில. நாலு வருஷம் ஆச்சு. கூரையில 330 வாட் சோலார் பேனல், ஆல்டர்னேட்டர்ல இருந்து ரிலே வழியா ஒரு லைன், 1000 வாட் இன்வெர்ட்டர்.

முன்னாடி ஃபேனும் 12 வோல்ட் ஃப்ரிட்ஜும் விடிய விடிய ஓடும். இப்ப ராத்திரி 2 மணிக்கே லோ பேட்டரி பீப். மிக்ஸி போட்டா இன்வெர்ட்டர் ட்ரிப். நாள் முழுக்க வெயில்ல நின்னாலும் காலைல 12.4 தான் காட்டுது. இணையத்துல இருக்கற சார்ட் எல்லாம் ஃபுல் சார்ஜ்னா 12.7ன்னு சொல்லுது. கடையில சின்ன டெஸ்டர் வச்சுப் பாத்துட்டு "ரெண்டும் போச்சு, மாத்திடுங்க"ன்னுட்டாங்க. மாத்தறதுக்கு முன்னாடி நானே வேற எதாவது பாக்கலாமா?

கிராவிட்டி1240

சார், அந்த 12.4ஐ வச்சு பயப்படாதீங்க. 12.7ன்னு போட்டிருக்கற சார்ட் 1265–1280 கிராவிட்டி (தண்ணியோட எத்தனை மடங்கு கனம்ங்கறது, 1265ன்னா 1.265) ஆசிட் ஊத்தின பேட்டரிக்கு. நம்ம ஊர் டியூபுலர்ல, சூட்டுக்காக, ஃபுல் சார்ஜ்லயே கிராவிட்டி 1240 தான் வச்சிருப்பாங்க. ஒரு செல்லோட வோல்ட் கிட்டத்தட்ட கிராவிட்டி கூட்டல் 0.84. அதாவது 1.240 + 0.84 = 2.08. ஆறு செல்லுக்கு 12.48. உங்க பேட்டரிக்கு ஃபுல்லுன்னாலே 12.5 தான்.

கடை டெஸ்டரையும் நம்பாதீங்க. அது இன்ஜின் ஸ்டார்ட் பண்ற பேட்டரிக்கு, சிசிஏ (குளிர்ல ஸ்டார்ட் பண்ண குடுக்கற கரண்ட்) பாக்கறதுக்குன்னு வந்த கருவி. டியூபுலர் ப்ளேட்டுக்கு இயல்பாவே உள்தடை கொஞ்சம் ஜாஸ்தி, நல்ல பேட்டரியவே "மாத்து"ன்னு காட்டும்.

அதுக்காக ரெண்டும் நல்லா இருக்குன்னும் சொல்ல வரல. பேரலல்ல இருக்கும்போது நீங்க அளக்கறது ரெண்டோட சராசரி மாதிரி. ஒண்ணு சாகும்போது மத்ததையும் இழுத்துட்டுப் போகும். பிரிச்சாதான் தெரியும்.

முதல்ல ஃபுல் சார்ஜ் பண்ணுங்க. அப்புறம் கழட்டற வரிசை முக்கியம்: சோலார் பேனலை முதல்ல ஆஃப் பண்ணுங்க (எம்சிபி சுவிட்ச் இல்லன்னா கனமான துணி போட்டு மூடுங்க). பேனல் ஓடும்போது பேட்டரிய உருவினா கண்ட்ரோலர் (பேனல்ல இருந்து பேட்டரிக்குப் போற சார்ஜைக் கட்டுப்படுத்தற பெட்டி) அடி வாங்கும். பிறகு இன்வெர்ட்டர், அப்புறம் மைனஸ், கடைசியா பிளஸ். ஸ்பேனர் கைப்பிடில இன்சுலேஷன் டேப் சுத்துங்க, மோதிரம், வாட்ச் கழட்டுங்க. ரெண்டையும் பிரிச்சு 12 மணி நேரம் சும்மா விட்டுட்டு அப்புறம் வோல்ட் எடுங்க.

அதுக்கப்புறம் கிராவிட்டி அளக்கற ஹைட்ரோமீட்டர். விலை கம்மி, ஆனா மல்டிமீட்டர் சொல்லாததை இது சொல்லும். ஆசிட்டை ரெண்டு மூணு தடவை உறிஞ்சி விட்டு, மிதவை ஓரத்துல ஒட்டாம, குமிழி இல்லாம, கண் மட்டத்துல வச்சுப் படிங்க. எந்த செல்லுல எடுத்தீங்களோ அதுலயே திருப்பி விடுங்க. அளவு எல்லாம் 27 டிகிரிக்கு. ஆசிட் அதைவிட 10 டிகிரி சூடா இருந்தா 7 பாயிண்ட் கூட்டிக்கோங்க. 12 செல்லும் எழுதிப் போடுங்க. கண்ணாடி கட்டாயம், பழைய சட்டை போட்டுக்கோங்க.

அடையாறு_ஆம்ப்

தண்ணி மட்டம் பாத்தீங்களா ப்ரோ? ப்ளேட் வெளிய தெரிஞ்சா மூழ்கற வரைக்கும் ஊத்திட்டு சார்ஜ் போடுங்க, மீதிய சார்ஜ் முடிஞ்சு ஊத்துங்க. ஊத்தின உடனே கிராவிட்டி எடுத்தா பொய் சொல்லும், மேல தண்ணி நிக்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும். கேன் தண்ணி, ஆர்ஓ தண்ணி வேண்டாம். ஏசில இருந்து சொட்டற தண்ணிய பிடிச்சு ஊத்தற பழக்கம் இங்க நிறைய பேருக்கு இருக்கு. அது காயில் மேல ஓடி வர்ற தண்ணி, தூசியும் உலோகமும் கலந்து வரும். ஆசிட் மட்டும் எந்தக் காரணத்துக்கும் சேக்காதீங்க.

வேளச்சேரி_வேன்

ரொம்ப நன்றி. பிரிச்சு, ஃபுல் சார்ஜ் போட்டு, 12 மணி நேரம் கழிச்சு எடுத்தது. சூட்டுக்குக் கூட்டின பிறகு:

ஏ: 12.46 வோல்ட். 1235, 1240, 1235, 1240, 1235, 1235
பி: 12.28 வோல்ட். 1225, 1225, 1225, 1120, 1225, 1225

பி-ல நாலாவது செல்லா?

கிராவிட்டி1240

ஆமா சார், அதேதான். கணக்கும் சரியா வருது பாருங்க: அஞ்சு செல் 2.065, ஒண்ணு 1.96, கூட்டினா 12.28. மீட்டரும் ஹைட்ரோமீட்டரும் ஒத்துப்போனா அளவை நம்பலாம்.

செல்லுக்கு செல் 30 பாயிண்ட் வித்தியாசம்னா கவனிக்கணும். 50 தாண்டினா பேட்டரி முடிஞ்சதுன்னு வச்சுக்கலாம். உங்களுக்கு 105. இருந்தாலும் ஒரே ஒரு வாய்ப்பு குடுங்க: பி-ய மட்டும் தனியா வச்சு, வேனோட எந்த வயரும் ஒட்டாம, வெளிக்காத்துல, 15 வோல்ட் கிட்ட சின்ன கரண்ட்ல நாலஞ்சு மணி நேரம் ஈக்வலைஸ் (எல்லா செல்லையும் சமமாக்கற ஓவர் சார்ஜ்) பண்ணுங்க. பக்கத்துல நெருப்பு, சிகரெட் கூடாது, வர்றது ஹைட்ரஜன். மூடியத் திறந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. அஞ்சு செல்லும் சோடா மாதிரி நுரைச்சுட்டு இருக்க, நாலாவது மட்டும் குளம் மாதிரி அசையாம கிடந்தா உள்ள ஷார்ட். எந்த மருந்தும், எந்த பவுடரும் அதை எழுப்பாது. அந்தப் பக்கம் மட்டும் சூடாச்சுன்னா உடனே நிறுத்திடுங்க.

செம்புக்கம்பி

ஒரு விஷயம் யாரும் கேக்கல. பி-ல மத்த அஞ்சு செல்லும் 1225லயே நிக்குது, 1240 வரல. ஷார்ட் செல் இழுத்ததுல பாதி. மீதி, சார்ஜ் சரியா ஏறாம சல்ஃபேட் (ப்ளேட்ல உப்பு படிஞ்சு இறுகறது) ஆயிருக்க வாய்ப்பு. புது பேட்டரி போட்டாலும் அதே சார்ஜிங்னா இன்னொரு நாலு வருஷத்துல இதே இழைல வந்து நிப்பீங்க.

ரெண்டு இடம் அளங்க. ஒண்ணு, பேட்டரி கொஞ்சம் காலியா இருக்கும்போது வண்டிய ஸ்டார்ட் பண்ணி, ஆல்டர்னேட்டர் பிளஸ்லயும் கேபின் பேட்டரி பிளஸ்லயும் மீட்டரோட ரெண்டு முனையையும் வைங்க. வர்ற நம்பர்தான் அந்த வழியில தொலையற வோல்ட். அதே மாதிரி ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல. கூடவே கம்பிய சுத்திப் பிடிச்சு கரண்ட் அளக்கற டிசி கிளாம்ப் மீட்டர்ல எத்தனை ஆம்ப் போகுதுன்னு பாருங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கும்போது கேட்டு வாங்குங்க, மலிவான கிளாம்ப் நிறைய ஏசி மட்டும்தான் அளக்கும்.

ரெண்டாவது, சோலார் கண்ட்ரோலர் எங்க மாட்டியிருக்கு?

வேளச்சேரி_வேன்

பி-ல நாலாவது செல் நுரைக்கவே இல்ல. போச்சு.

25 ஆம்ப் போகும்போது பிளஸ் பக்கம் 0.6, மைனஸ் பக்கம் 0.3. கம்பி 6 ஸ்கொயர் எம்எம், ஏழு மீட்டர் இருக்கும். கண்ட்ரோலர் மேல லாஃப்ட்ல, கூரைத் தகட்டுக்கு நேர் கீழ. தொட்டா சுடுது.

செம்புக்கம்பி

கிடைச்சுது. மொத்தம் 0.9 போகுது. ஆல்டர்னேட்டர்ல 14.1 வந்தா பேட்டரிக்கு 13.2தான். ஏழு மீட்டர் 6 ஸ்கொயர் கம்பி 25 ஆம்புக்கு அரை வோல்ட் தானா தின்னும். 25 ஸ்கொயர் போட்டா 0.12 தான். பாக்கி 0.1 ரிலே கான்டாக்ட், ஃபியூஸ் ஹோல்டர். மைனஸ் பக்கம் 0.3ங்கறது சேசிஸ் எர்த் போல்ட்ல துரு. கடல் காத்துல இது சகஜம். போல்ட்டைக் கழட்டி, பெயின்ட் போக பளபளன்னு எமரி போட்டு, ஸ்டார் வாஷர் வச்சு முறுக்கி, மேல பெட்ரோலியம் ஜெல்லி. கனமான கம்பி, லக் (கம்பி முனைல மாட்டற வளையம்) எல்லாம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் கிடைக்கும். லக்கை சுத்தியல்ல தட்டாதீங்க, ஹைட்ராலிக் கிரிம்பர் வச்சிருக்கறவங்க கிட்ட குடுங்க.

கண்ட்ரோலர் கதை இதைவிட சுவாரசியம். அதுல உள்ளயே டெம்பரேச்சர் சென்சார் இருக்கும், சூடானா சார்ஜ் வோல்ட்டைக் குறைக்கும். ஒரு டிகிரிக்கு 24 மில்லிவோல்ட்னு வைங்க. லாஃப்ட்ல 50 டிகிரின்னா 25க்கு மேல 25 டிகிரி, 0.6 குறையும், 14.4 போய் 13.8. கீழ பேட்டரி இருக்கறதோ 35ல, அதுக்கு வேண்டியது 14.16. வெயில் ஏற ஏற சார்ஜ் இறங்கற கூத்து இதான். கண்ட்ரோலரை பேட்டரி பக்கத்துல, ஆனா பேட்டரி பெட்டிக்கு வெளிய, கீழ இறக்குங்க. இல்லன்னா பேட்டரில ஒட்டற தனி சென்சார் வயர் உள்ளதா மாத்துங்க.

வேளச்சேரி_வேன்

அப்ப பி-ய மட்டும் மாத்தி ஏ-ய வச்சுக்கலாமா?

கிராவிட்டி1240

கிராவிட்டி நல்லா இருக்கறதால கொள்ளளவு இருக்குன்னு அர்த்தம் இல்ல. ஏ-ய ஃபுல் பண்ணி, 55 வாட் ஹெட்லைட் பல்பு ரெண்டு மாட்டுங்க, சுமார் 9 ஆம்ப். ப்ளைவுட் மேல வைக்காதீங்க, கருகிடும். 10.5 வோல்ட் வரைக்கும் எத்தனை மணி நேரம்னு பாத்து, உடனே சார்ஜ்ல போடுங்க. புதுசுன்னா 16 மணி நேரம் கிட்ட வரணும்.

வேளச்சேரி_வேன்

11 மணி 20 நிமிஷம்.

கிராவிட்டி1240

102 ஏஎச், 68 சதவீதம். 80க்குக் கீழ போனா ஆயுள் முடிஞ்சதா கணக்கு. புதுசோட பேரலல் போடாதீங்க, புதுசுதான் எப்பவும் சுமை தூக்கும். வாங்கினா ரெண்டா வாங்குங்க, ஒரே மாடல், ஒரே மாசத்துத் தயாரிப்பு. இல்ல, இப்போதைக்கு ஏ மட்டும் தனியா, ஃபேனும் ஃப்ரிட்ஜும் ஓட்டிக்கலாம், மிக்ஸிய மறந்துடுங்க.

புதுசு வாங்கும்போது தேதி கோட் பாருங்க, மீட்டரை கையோட எடுத்துட்டுப் போங்க. 150 ஏஎச்னா சி10ஆ (10 மணி நேரத்துல காலி பண்ற கணக்கு) சி20ஆன்னு (20 மணி நேரத்துல) கேளுங்க, சி10ல 150 தர்றது உண்மையில பெருசு. உயரத்தை மூடியும் டெர்மினலும் சேத்து அளந்துட்டுப் போங்க, டால் (உயரமான) டியூபுலர் சீட்டுக்கு அடியில நுழையாது. ஒவ்வொண்ணும் 50 கிலோவுக்கு மேல, ரெண்டு ஆள் வேணும்.

மாட்டறதுக்கு முன்னாடி ரெண்டையும் தனித்தனியா ஃபுல் பண்ணுங்க, வித்தியாசம் 0.1 வோல்ட்டுக்குள்ள வரட்டும். பிளஸ் ஒரு பேட்டரில இருந்து, மைனஸ் இன்னொண்ணுல இருந்து குறுக்கா எடுங்க, அப்பதான் சுமை சமமா பிரியும். 1000 வாட் இன்வெர்ட்டர் நூறு ஆம்புக்கு மேல இழுக்கும், 35 ஸ்கொயர் கம்பி, பேட்டரி பிளஸ் ஒட்டியே 150 ஆம்ப் ஃபியூஸ். பெட்டிக்கு மூடி போட்டு, மேல் பக்கத்துல இருந்து வெளிய ஒரு வென்ட் குழாய். படுக்கறது அதுக்கு மேலதானே.

அடையாறு_ஆம்ப்

லித்தியம் போகலாமே?

செம்புக்கம்பி

போகலாம், ஆனா பேட்டரிய மட்டும் மாத்தற வேலை இல்ல. இந்த ரிலேவோட நேரா கோத்தா லித்தியம் இழுக்கற இழுப்புல ஆல்டர்னேட்டர் வெந்துடும், நடுவுல கரண்ட்டை அளவா விடற டிசி-டிசி சார்ஜர் வேணும். கண்ட்ரோலர்ல ஈக்வலைஸ் ஆஃப் ஆகணும், லித்தியம் செட்டிங் இருக்கணும். அந்தச் செலவையும் சேத்துக் கணக்குப் போடுங்க.

வேளச்சேரி_வேன்

டியூபுலரே போதும். கடைசியா ஒண்ணு: பி-ய வீட்டு இன்வெர்ட்டர்ல எல்இடி லைட்டுக்கு மட்டும் ஓட்டலாமா?

கிராவிட்டி1240

வேண்டாம் சார். ஒரு செல் ஷார்ட்னா, இன்வெர்ட்டர் 13.8 குடுக்கும்போது மத்த அஞ்சு செல்லும் ஆளுக்கு 2.7 வோல்ட் கிட்ட வாங்கும். ராப்பகலா கொதிக்கும், தண்ணி வத்தும், வீடு முழுக்க ஆசிட் வாடை. புதுசு வாங்கற கடையிலயே எக்ஸ்சேஞ்சுக்குப் போடுங்க. ஆசிட்டை சாக்கடைல கொட்டாம, அப்படியே நிமிர்த்தி வச்சு எடுத்துட்டுப் போங்க.